நாற்பது லிட்டர் ஊர்: டிஸ்டோபியா சிறுகதை கட்டும் முறை

டிஸ்டோபியா, அதாவது வாழ அஞ்சவேண்டிய ஒரு கற்பனைச் சமூகத்தின் கதை, எழுத உட்கார்ந்ததும் சீருடைக் காவலரும் மேடையில் கத்தும் சர்வாதிகாரியும் தாமாக வந்து நிற்பார்கள். அனுப்பிவிடுங்கள். ஒரே ஒரு சட்டம் போதும். கேட்டவுடன் ‘நியாயந்தானே’ என்று தோன்றும் சட்டமாக இருக்க வேண்டும்.

ஒன்றை எடுத்துக்கொள்வோம்: ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 லிட்டர் தண்ணீர். விரல்ரேகை வைத்தால்தான் குழாய் திறக்கும். மீந்தது நள்ளிரவில் கழிந்துவிடும். ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே அளவு. இதுவரை இது யுட்டோபியாதான், குறையில்லாத கனவு ஊர்.

இப்போது ஒரு தாளில் வீட்டுக் கணக்குப் போடுங்கள். குளிக்க ஒரு வாளி 15, கழிப்பறைக்கு 12, சமையலும் குடிநீரும் 8. மிச்சம் 5 லிட்டரில் பாத்திரமும் துணியும். கணக்கு இடிக்கும் இடத்தில்தான் கதை இருக்கிறது. விருந்தாளிக்கு நீட்டும் சொம்பு யார் கணக்கில் ஏறும்? இறந்தவரைக் குளிப்பாட்டும் தண்ணீர்? சாவைப் பதிந்த நொடியில் அவருடைய பங்கு நின்றுவிடுமென்றால், நள்ளிரவுவரை அழாமல் இருக்கும் ஒரு வீடு கிடைக்கிறது. அது ஒன்றே 2,000 சொற்களைத் தாங்கும்.

அடுத்து, அந்த ஊரின் அழுக்கு வேலையை யார் செய்கிறார்கள் என்று பாருங்கள். தாமஸ் மோர் 1516இல் படைத்த யுட்டோபியாவில் குடிமக்களுக்கு ஆறு மணி நேர வேலைதான்; கால்நடை அறுப்பதோ அடிமைகளின் வேலை. வங்க எழுத்தாளர் ரொக்கேயா ஹுசைனின் ‘சுல்தானாவின் கனவு’ என்ற கதை 1905இல் சென்னைப் பத்திரிகை ஒன்றில் வந்தது. சூரிய வெப்பத்தில் சமையல், பெண்களின் ஆட்சி. ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருப்பார்கள். பர்தாவை அப்படியே திருப்பிப் போட்ட குறும்பு அது. அடைபட்டவனின் வாசலிலிருந்து சொன்னால் அதே ஊர் டிஸ்டோபியா. ஆகவே எந்த வாசலில் நிற்பது என்பதை முதல் வரிக்கு முன்பே முடிவுசெய்யுங்கள். சட்டத்தால் கொஞ்சம் லாபம் அடைந்தவரின் வாசல் நல்லது. முழுக்கப் பாதிக்கப்பட்டவர் பேசினால் கதை புகார் மனுவாகிவிடும்.

கண்காணிப்புக்கும் ஆள்கணக்கு வேண்டும். 1989இல் கிழக்கு ஜெர்மனியில் ஏறத்தாழ 1.6 கோடி மக்களுக்கு ரகசியக் காவல்துறையான ஸ்டாசியின் முழுநேர ஊழியர்கள் மட்டும் 91,000 பேர், ஒற்றர்கள் தனி. உங்கள் ஊரில் எல்லாவற்றையும் பார்ப்பது யார், அவருக்குச் சம்பளம் யார் தருகிறார்? பதில் இல்லையென்றால் அக்கம்பக்கத்தாரிடமே அந்த வேலையைக் கொடுங்கள். செலவும் குறைவு, பயமும் கூடுதல்.

பெரும்பாலான கதைகள் முதல் பத்தியிலேயே சாகின்றன: ‘2147. மூன்றாம் உலகப் போருக்குப் பின்...’ அதை வெட்டிவிட்டு, சோப்பு நுரையோடு நிற்கும்போது குழாய் அடைபடுவதில் தொடங்குங்கள். சட்டம் தானே புரியும்.

முடிவில் அரசைக் கவிழ்க்க வேண்டாம். சிறுகதைக்குள் அதற்கு இடமில்லை. பன்னிரண்டு அடிக்கும்போது அந்த வீட்டில் யார் முதலில் குழாயடிக்குப் போகிறார் என்பதைக் காட்டினால் போதும்.