வீட்டுத் தீச்சுவரில் இணையத்தளத்துக்கும் விளையாட்டுக்கும் வழிவிடுதல்

வீவக (சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலுள்ள கணினியிலிருந்து இணையத்தளத்தையோ மைன்கிராஃப்ட் விளையாட்டையோ வழங்க விரும்புவோர், முதலில் ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் காட்டப்படும் வெளி ஐபி முகவரியை (இணையத்தில் வீட்டை அடையாளங்காட்டும் எண்ணை) பார்க்க வேண்டும், அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், இணையச் சேவை நிறுவனம் ஒரே முகவரியைப் பலருக்குப் பகிர்ந்தளிக்கிறது என்று பொருள். அந்நிலையில் தனி முகவரி கேட்டுப் பெறாமல் தீச்சுவரில் (வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் காப்பில்) எதை மாற்றினாலும் பயனில்லை.

அடுத்து, ரவுட்டரில் கணினிக்கு வீட்டினுள் மாறாத முகவரி ஒன்றை ஒதுக்கி, இணையத்தளத்துக்கு டிசிபி (தரவைப் பரிமாறும் நெறிமுறை) 80, 443 ஆகிய போர்ட்டுகளையும் (சேவைகளுக்கான எண்ணிட்ட நுழைவாயில்களையும்), மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்புக்கு டிசிபி 25565ஐயும் அம்முகவரிக்குத் திருப்பிவிட வேண்டும். கணினியின் சொந்தத் தீச்சுவரிலும் இவற்றைத் திறக்க வேண்டும்; பலர் மறப்பது இதைத்தான். ரவுட்டரிலுள்ள டிஎம்இசட் வசதி (வெளி இணைப்புகள் அனைத்தையும் ஒரே கணினிக்கு அனுப்புவது) ஏனைய போர்ட்டுகளையும் சேர்த்துத் திறந்துவிடும் என்பதால் அதை நாடாதிருப்பதே நல்லது. சோதனையை வீட்டு வைஃபையில் அன்றி, கைத்தொலைபேசியின் தரவு இணைப்பில் செய்ய வேண்டும். ஏனெனில் சில ரவுட்டர்கள் உள்ளிருந்து தம் வெளி முகவரிக்கு வரும் இணைப்பை ஏற்பதில்லை.