கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை

என் மகளுக்குப் பெருமூளை வாதம், அதாவது மூளைப் பாதிப்பால் உடல் அசைவு கெடுகிற நிலை. இடது பக்கம் பாதிப்பு. எல்லா வேலைக்கும் வலது கை ஓடிவந்துவிடும், இடது கை மடியில் சும்மா கிடக்கும். அதற்காகத் தெரப்பிஸ்ட் காட்டித்தந்த கண்ணாடிப் பயிற்சியை வீட்டில் எப்படிச் செய்கிறோம் என்று எழுதுகிறேன். ஒரு பக்கக் கை மட்டும் பாதிக்கப்பட்ட, கொஞ்ச நேரம் இருந்து கவனிக்கக்கூடிய பிள்ளைகளுக்கே இது பொருந்தும். வலிப்பு, பார்வைக் குறைபாடு இருந்தால் முதலில் டொக்டரிடம் கேளுங்கள்.

நல்ல கை கண்ணாடியில் தெரியும்போது மற்றக் கைதான் அசைகிறது என்று கண்ணுக்குப் படும். அந்தக் கையை இயக்குகிற மூளைப் பகுதியும் அதனால் தூண்டப்படுகிறது என்று கருதுகிறார்கள். கை, கால் இழந்தவர்களுக்கு இல்லாத உறுப்பில் வரும் வலியைத் தணிக்க, 1990களில் நரம்பியல் அறிஞர் விளையனூர் இராமச்சந்திரன் இந்த வழியைக் கொண்டுவந்தார். அப்படி ஒரு வலி உண்டு என்பதைக் கண்ணிவெடி கண்ட எங்கள் ஊர்ச் சனத்துக்குச் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்லை. பிறகுதான் இந்தப் பயிற்சி பக்கவாதக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் வந்தது.

படத்துக்குப் பிரேம் போடுகிற கடையில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று வெட்டி வாங்குங்கள். முழங்கை வரை மறைகிற அளவு போதும். விளிம்பைத் தேய்த்துத் தரச் சொல்லி, சுற்றிவர டேப் ஒட்டி, விழாதபடி மரச்சட்டத்தில் நிறுத்துங்கள். மலிவான பிளாஸ்டிக் கண்ணாடியில் விரல் நெளிந்து தெரியும், அது வேண்டாம்.

பிள்ளையைக் கதிரையில் நிமிர்ந்து, பாதம் நிலத்தில் படும்படி இருத்துங்கள். கண்ணாடி மேசையில், பிள்ளையின் நெஞ்சுக்கு நேரே, நீளவாட்டில் நிற்கவேண்டும். முகம் பார்க்கும் பக்கம் நல்ல கைக்கு. பாதித்த கை பின்னால், மடித்த துவாய் மேல்.

கண் நம்பவேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் வீண். ஆகவே கைகளை நன்றாகக் கவனியுங்கள். மணிக்கூடு, மோதிரம், காப்பு எல்லாம் இரண்டு கையிலும் கழற்ற வேண்டும். மகளின் இடது கையில் கோயில் நூல் இருக்கிறது. அதை அறுக்க அம்மம்மா விடமாட்டா. சரி என்று அதே நிறத்தில் ஒரு நூலை வலது கையிலும் கட்டிவிட்டேன், கண்ணாடியில் இப்போது அது அவளுடைய இடது கையேதான்! மருதோன்றி போட்டாலும் இரண்டு கைக்கும் ஒரே மாதிரிப் போடுங்கள்.

முதலில் அசைக்காமல் பார்க்கட்டும். பிறகு மெல்ல, மிக மெல்ல: கையைப் பொத்தி விரித்தல், உள்ளங்கையைத் திருப்புதல், மணிக்கட்டைத் தூக்குதல், பெருவிரலால் மற்ற விரல்களைத் தொடுதல். மறைந்திருக்கும் கையும் தன்னால் இயன்ற அளவு சேர்ந்து செய்யவேண்டும், அதனால்தான் வேகம் கூடாது. வரவில்லை என்றால் நீங்கள் இலேசாகப் பிடித்துக் கொடுக்கலாம், இழுக்காதீர்கள். அப்புறம் இரண்டு கைக்கும் ஒரே மாதிரி ஸ்பொஞ்ச், போத்தல் மூடி கொடுங்கள். பார்வை கண்ணாடியைவிட்டுப் போனால், "குஞ்சு, அந்தக் கையைப் பார்" என்பேன். பத்துப் பதினைந்து நிமிடம், ரியூசனுக்கு முன். தலை சுற்றினால், வலித்தால், அழுதால் அன்றைக்கு அவ்வளவுதான்.

கண்ணாடியை எடுத்த கையோடு இரு கை வேலை ஒன்று கொடுங்கள். இதை யாரும் விடக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். எங்கள் வீட்டில் அவித்த பனங்கிழங்கு. இடது கை கிழங்கின் அடியை அமத்திப் பிடிக்க, வலது கை தோலை உரிக்கும். பிடி தளர்ந்தால் கிழங்கு உருண்டுவிடும், நான் சொல்லாமலே இடது கை இறுக்கும். பிறகு இரண்டாகப் பிளந்து, நடுவில் இருக்கும் தும்பை இழுத்தெடுப்பாள். கிழங்கு இல்லாத காலத்தில் கச்சான் உடைக்கலாம்.

பிள்ளைகளிடம் இதைச் சோதித்த ஆய்வுகள் சிறியவை, முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. நல்ல கையைக் கொஞ்ச நேரம் கட்டுப்படுத்தி மற்றதை வேலை வாங்கும் பயிற்சிக்கும், இரு கைப் பயிற்சிக்கும் ஆதாரம் இதைவிடக் கூடுதல். ஆகவே கண்ணாடி வந்தது என்று ஸ்பிளின்டையோ (கையைத் தாங்கிப் பிடிக்கும் கட்டு) கிளினிக்கையோ நிறுத்தாதீர்கள். சட்டைப் பொத்தான் பூட்டுவது, போத்தல் திறப்பது போல ஒரு வேலையைத் தெரிவு செய்து, மாதம் ஒருமுறை போனில் வீடியோ எடுத்துத் தெரப்பிஸ்டிடம் காட்டுங்கள். அடுத்து எந்த அசைவைச் சேர்ப்பது என்று அதைப் பார்த்து அவர்கள் சொல்வார்கள்.