மைக்ரோ எமல்ஷன்: தயாரிப்பிலும் சோதனையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மைக்ரோ எமல்ஷனைச் சாதாரண எமல்ஷனின் சிறிய வடிவம் என்று நினைத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. சாதாரண எமல்ஷன், அதாவது எண்ணெயும் நீரும் ஒன்றுக்குள் ஒன்று துளிகளாகக் கலந்த கலவை, எவ்வளவு நன்றாகக் கலக்கினாலும் ஒருநாள் பிரிந்துவிடும். மைக்ரோ எமல்ஷனோ வெப்ப இயக்கவியல்படி நிலையானது. தண்ணீர், எண்ணெய், இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் சோப்பு போன்ற சர்ஃபாக்டன்ட் மூன்றும் உரிய விகிதத்தில் சேர்ந்தால் தானாகவே உருவாகும். பல நேரங்களில் பியூட்டனால் போன்ற ஓர் ஆல்கஹாலும் துணைக்கு வேண்டும்.

எனவே கலவையை வலிந்து சிறு துளிகளாக உடைக்கும் ஹோமோஜெனைசரையோ அல்ட்ராசவுண்டையோ நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். அவை இல்லாமல் தெளியாத கலவை அநேகமாக நானோ எமல்ஷன். துளிகள் சிறியவைதான், ஆனால் அது நிலையான கரைசல் அல்ல. கருவிக்கு முன் வேண்டியது கட்ட வரைபடம், அதாவது எந்த விகிதத்தில் கலவை தெளியும், எதில் கலங்கும் என்று காட்டும் படம். சோடியம் டோடெசில் சல்ஃபேட் (சர்ஃபாக்டன்ட்), டொலுவின் (எண்ணெய்), தண்ணீர் மூன்றையும் கலக்கினால் பால் போல வெளுத்திருக்கும். பியூட்டனாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வாருங்கள். ஏதோ ஒரு சொட்டில் வெண்மை முழுவதும் மறைந்து, குடுவைக்குப் பின்னால் இருக்கும் எழுத்தைப் படிக்க முடியும். அந்த அளவைக் குறித்துவிட்டு மேலும் சொட்டுங்கள், மறுபடி கலங்கும் இடமும் வரலாம். இரண்டு எல்லையும் தெரிந்தால்தான் வரைபடம் பயன்படும். பக்கத்திலேயே வெப்பநிலையையும் எழுதுங்கள், அது இல்லாத வரைபடத்தை இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்க முடியாது.

தெளிவு மட்டும் சான்றாகாது. அடுக்கு அமைப்புள்ள திரவப் படிகமும் தெளிவாகத் தெரியலாம். குறுக்காக வைத்த இரண்டு போலராய்டு தாள்களுக்கு நடுவே பார்த்தால் அது ஒளிரும், மைக்ரோ எமல்ஷன் இருட்டாகவே இருக்கும். சேர்க்கும் வரிசையை மாற்றியும் ஒருமுறை செய்யுங்கள். உண்மையான மைக்ரோ எமல்ஷனுக்கு வரிசை பொருட்டல்ல.

உள்ளே துளிகள்தான் இருக்கும் என்று முடிவுகட்டுவதும் தவறு. எண்ணெயும் நீரும் ஏறக்குறைய சம அளவில் இருக்கும்போது, இரண்டுமே தொடர்ச்சியாகப் பின்னிக் கிடக்கும் அமைப்பு உருவாகலாம். 1976இல் ஸ்க்ரிவன் என்ற ஆய்வாளர் இதை முன்வைத்தார். அங்கே துளியின் விட்டம் என்று எதைச் சொல்வது? உள்ளே இருப்பது துளிகளா, பின்னிய அமைப்பா என்பது மின்கடத்துதிறனை அளந்தால் ஓரளவு தெரியும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, துளியின் அளவைக் காட்டும் ஒளிச்சிதறல் கருவியில் வைப்பதற்காக மாதிரியில் தண்ணீர் ஊற்றுவது. விகிதம் மாறியதுமே அமைப்பும் மாறிவிடுகிறது. நீங்கள் அளப்பது வேறொரு பொருளை. நீர்க்கச் செய்தே ஆகவேண்டுமென்றால், துளிகளைச் சூழ்ந்திருக்கும் திரவத்தின் அதே கலவையை, அதில் கரைந்திருக்கும் ஆல்கஹால் உட்பட, ஊற்ற வேண்டும். நீர்த்துப்போவதற்கென்றே வடிவமைத்தவை வேறு கதை: நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தான நியோரல் குடலின் நீரைச் சந்தித்த பிறகுதான் மைக்ரோ எமல்ஷனாகிறது.

பூச்சிமருந்துக் கலவைகளில் கவனிக்க வேண்டியது உப்பு. காய்ச்சி வடித்த நீரில் அழகாக நிற்கும் கலவை, கால்சியம் நிறைந்த போர்வெல் தண்ணீரில் திரியலாம், மின்னூட்டம் கொண்ட அயனி சர்ஃபாக்டன்ட் என்றால் ஆபத்து அதிகம். கடின நீரிலும் சோதிக்காமல் வெளியே விடக் கூடாது. மின்னூட்டம் இல்லாத எத்தாக்சிலேட் வகை சர்ஃபாக்டன்டுகளுக்கு உப்பைவிட வெப்பம் பெரிய பிரச்சினை. சூடேற ஏற அவை நீரை விட்டு எண்ணெய்ப் பக்கம் சாயும்.

நானோ துகள் செய்பவர்களுக்கு ஒன்று. 1982இல் பூட்டோனே குழுவினர் பிளாட்டினம், பல்லேடியம் துகள்களை மைக்ரோ எமல்ஷனின் நீர்த்துளிக்குள் செய்து காட்டியதிலிருந்து, அந்தத் துளியைத் துகளின் அளவைத் தீர்மானிக்கும் அச்சாகவே பலர் எண்ணுகிறார்கள். ஏ.ஓ.டி. (AOT) என்ற சர்ஃபாக்டன்டும், எண்ணெயாக ஐசோ ஆக்டேனும் சேர்ந்த அமைப்பில், ஒரு மோல் சர்ஃபாக்டன்டுக்கு எத்தனை மோல் நீர் என்ற விகிதம் கூடக்கூடத் துளி பெரிதாவது உண்மைதான். ஆனால் துளிகள் ஓயாமல் மோதி, உள்ளிருப்பதைப் பரிமாறிக்கொள்கின்றன. அதனால் துகளின் அளவைத் துளியின் அளவிலிருந்து கணக்கிட்டு எழுதாதீர்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து எழுதுங்கள்.