இரண்டு நகரங்களுக்கு இடையே விமான தூரமும் நேரமும்: நாமே கணக்கிடும் முறை

லண்டனிலிருந்து நியூயார்க் போக ஏறக்குறைய எட்டு மணி நேரம், திரும்பி வர ஏழு. தூரம் ஒன்றுதான், நேரம் ஏன் மாறுகிறது? ஒரு கால்குலேட்டரை வைத்துக்கொண்டு இரண்டையும் நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

படி 1: இருப்பிடம். கூகுள் மேப்ஸில் நகரத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் தெரியும். லண்டன் 51.5, -0.1. நியூயார்க் 40.7, -74.0. தெற்கு, மேற்கு என்றால் மைனஸ்.

படி 2: தூரம். தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். பூமி உருண்டை என்பதால், மிகக் குறுகிய வழி வரைபடத்தில் வடக்கே வளைந்த கோடாகத் தெரியும். இதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். கணக்கு இதுதான்:

(சைன் 51.5 × சைன் 40.7) + (காஸ் 51.5 × காஸ் 40.7 × காஸ் 73.9)

கடைசியில் வரும் 73.9 என்பது தீர்க்கரேகைகளின் வித்தியாசம். விடை சுமார் 0.641. அதற்குத் தலைகீழ் காஸ் (கால்குலேட்டரில் cos⁻¹) போட்டால் 50.1 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. என்று பெருக்கினால் சுமார் 5,570 கி.மீ. வந்துவிட்டது. கடல் மைலில் வேண்டுமானால் அந்த 50.1 டிகிரியை 60ஆல் பெருக்குங்கள். விடை அபத்தமாக வந்தால், கால்குலேட்டர் டிகிரியில் இல்லாமல், கோணத்தின் இன்னொரு அலகான ரேடியனில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணம்.

படி 3: காற்றில்லாத நேரம். பெரிய ஜெட் விமானத்துக்கு மணிக்கு 870 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம், ஏடிஆர் போன்ற டர்போப்ராப் (சுழல்விசிறி வைத்த சிறிய விமானம்) என்றால் 500. 5,570ஐ 870ஆல் வகுத்தால் 6.4 மணி. ஓடுபாதை வரை உருள்வது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் 40 நிமிடம் கூட்டினால் ஏழு மணியைத் தாண்டும்.

படி 4: காற்று. பல இணையக் கணிப்பான்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. விமானங்கள் பறக்கும் உயரத்தில் ஜெட் ஸ்ட்ரீம் என்னும் பலத்த காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. குளிர்காலத்தில் வேகம் இன்னும் அதிகம். சராசரியாக 70 கி.மீ. காற்று என்று வைத்தால், கிழக்கே வரும்போது வேகம் 940, மேற்கே போகும்போது 800. தூரத்தை இவற்றால் வகுத்து அதே 40 நிமிடத்தைக் கூட்டினால், வருவதற்கு ஏறக்குறைய 6 மணி 35 நிமிடம், போவதற்கு 7 மணி 40 நிமிடம். தாமதத்துக்கும் சேர்த்து விமான நிறுவனங்கள் இன்னும் கொஞ்சம் கூட்டித்தான் அட்டவணையில் போடும். 2020 பிப்ரவரியில், சியாரா புயல் சமயத்தில், பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரையை வைத்துப் பார்த்தால் ஒலியின் வேகத்தையும் தாண்டிய வேகம். ஆனால் சுற்றியிருந்த காற்றே கூட ஓடியதால் ஒலித்தடையை அது உடைக்கவில்லை!

வடக்கு தெற்காகப் போகும் பாதைக்கு இந்தப் படியை விட்டுவிடலாம்.

படி 5: டிக்கெட்டோடு ஒப்பிடுவது. டிக்கெட்டில் உள்ளவை அந்தந்த ஊர் நேரங்கள். நியூயார்க்கில் இரவு 9 மணிக்குக் கிளம்பி லண்டனில் காலை 9 மணிக்கு இறங்கினால், 12 மணியிலிருந்து நேர வித்தியாசமான 5 மணியைக் கழியுங்கள்: பயணம் 7 மணி. எதிர்த்திசையில் அதே 5ஐக் கூட்ட வேண்டும். அமெரிக்காவும் பிரிட்டனும் கோடைக்கால நேரத்துக்கு ஒரே நாளில் மாறுவதில்லை. அதனால் மார்ச்சில் சில வாரங்களும் அக்டோபர் கடைசியில் சில நாட்களும் வித்தியாசம் 4 மணிதான்.