ஹெட் மாட்டியதும் சாவியைத் தொடாதீர்கள்

எஞ்சினின் சிலிண்டர் ஹெட் (வால்வுகள் இருக்கும் மேல்பகுதி) வேலை முடிந்து, கிராங்கையும் கேமையும் இணைக்கும் டைமிங் பெல்ட்டும் மாட்டியாச்சு என்றால், உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே கையால் முழுசாக 2 சுற்று சுற்றுங்கள். அப்புறம் கிராங்க், கேம் பல்சக்கரங்களின் டைமிங் குறிகள் சரியான இடத்தில் நிற்கின்றனவா என்று மறுபடி பாருங்கள்.

கிராங்க் 2 சுற்று சுற்றினால்தான் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) 1 சுற்று முடியும். பெல்ட்டில் எங்காவது தங்கிய தொய்வும் அதற்குள் டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) பக்கம் வந்துவிடும். ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தால் கேம் குறி விலகி நிற்பது பளிச்சென்று தெரியும். நடுவில் ஸ்பேனர் டக்கென்று முட்டி நின்றால், தயவுசெய்து அழுத்தாதீர்கள். வால்வு பிஸ்டனில் இடிக்கலாம். கையால் மெதுவாகத் தொட்டால் பெரும்பாலும் தப்பிக்கும். ஸ்டார்ட்டர் சுற்றினால் வால்வு வளைந்துவிடும், ஹெட்டை மறுபடி இறக்க வேண்டியதுதான்.

நிறக் கண்ணி வைத்த டைமிங் செயினில் 2 சுற்றுக்குப் பிறகு அந்தக் கண்ணிகள் பழைய இடத்துக்கு வராது; பல்சக்கரக் குறிகளை மட்டும் பாருங்கள். குறியே இல்லாமல் லாக்கிங் பின் (தண்டுகளை அசையாமல் பிடிக்கும் முளை) போட்டு அமைக்கும் எஞ்சினுக்குக் கண்ணளவு போதாது, பின்னைத் திரும்பச் செருகித்தான் பார்க்க வேண்டும்.