புது வீடா, பழைய வீடா? ஒன்ராறியோவில் முதல் வீடு வாங்கப் போகிறவர்களுக்கு

கனடா வந்து இரண்டு மூன்று வருடம் பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்து, கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் இந்தக் கேள்வி வந்துவிடும். சொந்தக்காரர் யாராவது ஏஜாக்ஸிலோ மில்டனிலோ புது வீட்டில் பால் காய்ச்சுவார்கள், போய்ப் பார்த்தால் எல்லாம் பளபளவென்று இருக்கும், திரும்பி வரும்போது காருக்குள்ளேயே பேச்சுத் தொடங்கிவிடும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை இன்னும் நிலைக்காதவர்கள், அவசரத்துக்குக் கைமாற்றுக் கேட்க இங்கே ஆள் இல்லாதவர்கள், ஆட்கள் குடியிருந்த பழைய வீட்டையே பாருங்கள். பழைய வீடு உறுதியானது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. காசை எப்போது எண்ணி வைக்க வேண்டும் என்பது அதில் முன்கூட்டியே தெரியும், அவ்வளவுதான்.

புது வீடு என்றால் பெரும்பாலும் இன்னும் கட்டாத வீடு. விற்பனை அலுவலகத்தில் வரைபடத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவீர்கள், முற்பணத்தைத் தவணை தவணையாகக் கட்டுவீர்கள், சாவி கைக்கு வர ஒரு வருடமும் ஆகலாம், மூன்று வருடமும் ஆகலாம். வங்கி கடைசியாகக் கடன் தருவது அந்தச் சாவி நாளில்தான். இடையில் வேலை போகலாம், வட்டி ஏறலாம், வீட்டு விலை இறங்கலாம். 2022 பெப்ரவரியில் விலை உச்சத்தில் இருந்தபோது கையெழுத்துப் போட்டவர்கள் பலருக்கு இதுதான் நடந்தது. சாவி வாங்கும் நேரம் வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் ஒப்பந்த விலையைவிடக் குறைவாக மதிப்புப் போட, அந்த இடைவெளியைக் கைக்காசாக வைக்க வேண்டி வந்தது. எனக்குத் தெரிந்த ஒரு அக்கா தாலிக்கொடியைத் தவிர மற்ற நகை எல்லாவற்றையும் விற்றுத்தான் அந்த வீட்டுக்குள் போனார். காசைக் கட்டாமல் விட்டால் முற்பணமும் போகும், வழக்கும் வரலாம்.

அதோடு விலைப்பட்டியலில் இல்லாத செலவுகள் சாவி நாளில் வரிசையாக வரும்: மின்சாரம், தண்ணீர் மீற்றர் இணைப்பு, மரம் நடும் கட்டணம், நகராட்சியின் அபிவிருத்திக் கட்டண உயர்வு என்று. கையெழுத்துக்கு முன்பே புது வீட்டு ஒப்பந்தம் பார்த்துப் பழகிய வழக்கறிஞரிடம் காட்டி, இந்தக் கட்டணங்களுக்கு ஒரு உச்சவரம்பு எழுதி வாங்கச் சொல்லுங்கள். புது வீட்டுக்கு 13 சதவீத எச்எஸ்டி என்ற விற்பனை வரி உண்டு, பழைய வீட்டுக்கு இல்லை. கட்டுநர் சொல்லும் விலைக்குள் பெரும்பாலும் வரி அடங்கியிருக்கும், ஆனால் அது அரசின் வரித் தள்ளுபடியை முன்கூட்டியே கழித்து, நீங்களோ நெருங்கிய உறவினரோ குடியிருப்பீர்கள் என்று வைத்துப் போட்ட கணக்கு. நாங்கள் பேஸ்மென்டிலேயே இருந்துகொள்கிறோம், புது வீட்டை வாடகைக்கு விட்டால் கடன் அடைபடும் என்று யோசிப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கழித்த அந்தத் தள்ளுபடிக் காசை முதலில் கட்டிவிட்டு, பிறகு விண்ணப்பித்துத் திரும்பப் பெற வேண்டிய நிலை வரும்.

இவ்வளவும் கேட்ட பிறகும் புது வீடுதான் என்றால், சரி, அதிலும் நல்லது உண்டு. கூரை, ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்), ஜன்னல் எதற்கும் பல வருடம் கை வைக்க வேண்டியதில்லை. ஒன்ராறியோவில் புது வீட்டு உத்தரவாதத்தைப் பார்க்கும் டேரியன் அமைப்பின் உத்தரவாதம் இருக்கிறது: வேலைப்பாட்டுக் குறைகளுக்கு 1 வருடம், தண்ணீர்க் கசிவு, மின்சாரம், குழாய், வெப்ப விநியோகத்துக்கு 2 வருடம், கட்டமைப்பில் பெரிய பழுது என்றால் 7 வருடம். கட்டுநருக்கு உரிமம் இருக்கிறதா, முன்பு என்ன நடந்தது என்பதை எச்சிஆர்ஏ என்ற ஒழுங்குமுறை அமைப்பின் கட்டுநர் பட்டியலில் இலவசமாகப் பார்க்கலாம்.

சாவிக்கு முன் கட்டுநரின் ஆளோடு வீட்டைச் சுற்றிப் பார்க்கும் நாளுக்கு வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போங்கள். கைபேசி சார்ஜரை ஒவ்வொரு பிளக்கிலும் செருகிப் பாருங்கள். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, கீழே போய் மேல்கூரையை அண்ணாந்து பாருங்கள். ஜன்னல் ஒவ்வொன்றையும் திறந்து மூடுங்கள். கண்ட குறை எல்லாவற்றையும் படமெடுத்து, அவர்களுடைய படிவத்தில் எழுத வையுங்கள். முதல் வருடத்தில் டேரியன் குறிக்கும் தவணைகளுக்குள் அவர்களுக்கு நீங்களே படிவம் அனுப்ப வேண்டும். கட்டுநர் திருத்தித் தருவதாக வாயால் சொன்னார் என்று தவணையைக் கோட்டை விட்டவர்கள் நிறையப் பேர்.

பழைய வீட்டுக்கு வருகிறேன். நாங்கள் வாங்கியது ஸ்காபரோவில் 1960களில் கட்டிய பங்களோ. வாசலில் பெரிய மேப்பிள் மரம், அம்மாவுக்கு அதைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. இரண்டாவது வருடம் மார்ச்சில், பனி உருகும் நேரம், பேஸ்மென்ட் தரைத்துளை வழியாகக் கறுப்புத் தண்ணீர் மேலே வந்தது. கமெரா விட்டுப் பார்த்தால் மண் குழாயின் மூட்டுகளுக்குள் அந்த மேப்பிளின் வேர், தும்புக்கட்டைபோல அடர்ந்து கிடந்தது. முன்முற்றத்தைத் தோண்டித்தான் குழாயை மாற்றினோம். வாங்குவதற்கு முன் சில நூறு டொலர் கொடுத்து அந்தக் கமெராவை விட்டிருந்தால், அந்தச் செலவை விலையிலேயே பேசிக் குறைத்திருக்கலாம். அதனால்தான் அடித்துச் சொல்கிறேன்: வீட்டுப் பரிசோதகர் மட்டும் போதாது, கழிவுக் குழாய்க்குத் தனியாகக் கமெரா விடச் சொல்லுங்கள்.

1960களின் நடுவிலிருந்து 70களின் கடைசி வரை கட்டிய வீடுகளில் அலுமினிய வயரிங் இருக்கக்கூடும். வீட்டுக் காப்புறுதிக் கம்பனிகள் அதற்குச் சான்றிதழ் கேட்கலாம், எனவே வாங்கும் முன்பே அவர்களை அழைத்துக் கேட்டுவிடுங்கள். 1990க்கு முந்திய வீட்டின் அட்டிக்கில் (கூரைக்குக் கீழுள்ள பரணில்) குளிர் தடுக்கக் கொட்டிய, கூழாங்கல்போலப் பளபளக்கும் வெர்மிகுலைட் துகள் கிடந்தால் கை வைக்கவே வேண்டாம், அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கலாம், சோதனைக்குக் கொடுங்கள். கூரை ஓடும் ஃபர்னஸும் பதினைந்து இருபது வருடத்துக்கு மேல் என்றால் அந்தக் காசை இப்போதே ஒதுக்கி வையுங்கள். தனி வாசல் உள்ள பேஸ்மென்டைக் காட்டி இவ்வளவு வாடகை வரும் என்று முகவர் சொன்னால், அது நகராட்சி அனுமதி பெற்றதா என்று கேளுங்கள். அனுமதி இல்லாத வாடகையை நம்பிக் கடன் எடுக்காதீர்கள்.

பழைய வீட்டின் பெரிய வசதி அக்கம்பக்கம். பஸ் வாசலில் வரும், பள்ளிக்கூடம் நடை தூரத்தில் இருக்கும், தமிழ்க்கடைக்குக் கார் தேவையில்லை. புதுக் குடியேற்றங்களில் முதல் ஓரிரு வருடம் புல்கூட இராது, சேறும் லொறியும்தான். ஒரே கார் வைத்திருக்கும் குடும்பத்துக்கு, அதுவும் குளிர்காலத்தில், இது சின்ன விஷயமே இல்லை.

காணிமாற்று வரி இரண்டுக்கும் உண்டு. ரொறன்ரோ எல்லைக்குள் என்றால் மாகாணத்துக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று என இரட்டை வரி. முதல் வீடு வாங்குபவர்களுக்கு மாகாணம் 4,000 டொலர் வரையும், ரொறன்ரோ நகரம் 4,475 டொலர் வரையும் கழித்துக்கொடுக்கும். ஆனால் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ இருக்க வேண்டும், உலகத்தில் எங்கேயும் உங்கள் பெயரில் வீடு இருந்திருக்கக் கூடாது. யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ அப்பா உங்கள் பெயரில் எழுதி வைத்த பங்கு வீடும் இந்தக் கணக்கில் வரும். அப்படி ஏதாவது இருந்தால், வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே அந்த உறுதிப் பத்திரத்தைக் காட்டிவிடுங்கள்.