டெலிஃபோட்டோ லென்ஸில் (தூரத்தில் உள்ளதைப் பெரிதாகக் காட்டும் லென்ஸ்) பறவை மங்கலாக வருகிறதா? லென்ஸைக் குறை சொல்லும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் படத்தைக் கணினியில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். எந்த மாதிரி மங்கல் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒளிப்புள்ளிகள் எல்லாம் ஒரே திசையில் கோடாக இழுபட்டிருந்தால் கேமரா ஆடியிருக்கிறது. கிளை தெளிவாக இருந்து இறகும் தலையும் மட்டும் குழம்பியிருந்தால் பறவை அசைந்திருக்கிறது. முன்னாலோ பின்னாலோ உள்ள இலை பளிச்சென்று இருந்தால் ஃபோகஸ் தவறிப்போய் விழுந்த இடம் அதுதான்.

அசைவுக்கு மருந்து ஷட்டர் வேகம். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு, லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருந்தாலும், 1/500 நொடியை விட மெதுவாகப் போகாமலிருப்பது நல்லது. பறக்கும் பறவைக்கு 1/2000, சிறிய, துடிப்பான பறவைக்கு 1/3200. ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், பறவையின் துள்ளலை அல்ல. இதற்காக ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) ஏறினால் ஏறட்டும். அதனால் வரும் நாய்ஸை, அதாவது படத்தில் தெரியும் புள்ளிகளை, பிறகு குறைக்கலாம், இழுபட்ட இறகைச் சரிசெய்ய வழியில்லை.

ஃபோகஸில் இடறுவது பெரும்பாலும் தெளிவாகத் தெரியும் ஆழம் எவ்வளவு குறைவு என்று தெரியாததால். ஃபுல்-ஃப்ரேம் கேமராவில் 600 மி.மீ. லென்ஸ், எஃப்/6.3 திறப்பு, 10 மீட்டர் தூரம் என்றால் அந்த ஆழம் மொத்தமே சுமார் 10 செ.மீ. மார்பில் ஃபோகஸ் விழுந்தால் கண் வெளியே போய்விடலாம். பறவை உட்கார்ந்திருந்தாலும் தொடர் ஃபோகஸிலேயே (கேமரா விடாமல் ஃபோகஸைச் சரிசெய்துகொண்டே இருக்கும் முறை) வையுங்கள், கிளை காற்றில் ஆடும். புதருக்குள் இருந்தால் அகலமான ஃபோகஸ் பகுதியை விட்டு ஒற்றைப் புள்ளிக்கு மாறுங்கள். இல்லாவிட்டால் முன்னால் நிற்கும் குச்சியைத்தான் கேமரா பிடிக்கும்.

இவை எதுவும் இல்லாமல், படம் முழுவதும் மெழுகு பூசியது போல் இருந்து, அடுத்தடுத்த ஷாட்களில் விளிம்புகள் வெவ்வேறு விதமாக நெளிந்திருந்தால் அது வெப்ப அலை. பலரும் லென்ஸைச் சர்வீஸுக்கு அனுப்புவது இதனால்தான், பாவம் லென்ஸ். தரை சூடாகும்போது வெவ்வேறு வெப்பநிலையில் உள்ள காற்று கலந்து ஒளியை வளைக்கிறது. வேகமான ஷட்டர் இதைக் குணப்படுத்தாது, அந்த நெளிவை உறையவைக்கும், அவ்வளவுதான். வெயில் ஏறிய பிறகு வயல்வெளி, தார்ச்சாலை, மணல் இவற்றுக்கு மேலாகத் தூரத்துப் பறவையை எடுக்காதீர்கள். அதிகாலையில் எடுங்கள், அல்லது நெருங்கிப் போங்கள். தூரம் குறையக் குறைய இடையிலுள்ள காற்றும் குறையும். ஏசி போட்ட காரின் ஜன்னலைத் திறந்து உடனே படம் எடுப்பதும் இதே கோளாறுதான். உள்ளேயும் வெளியேயும் காற்று ஒரே வெப்பத்துக்கு வரும்வரை பொறுங்கள்.

லென்ஸ் முன்னால் மலிவான யுவி ஃபில்டர் இருந்தால் கழற்றிவிட்டு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டிப் படத்தைப் பெரிதாக்கும் டெலிகன்வர்ட்டரையும் கழற்றுங்கள். 1.4 மடங்குக்கு ஒரு ஸ்டாப் (ஒளி பாதியாகும்), 2 மடங்குக்கு இரண்டு ஸ்டாப் ஒளி போகும், தெளிவும் கொஞ்சம் குறையும்.

அப்புறமும் சந்தேகம் தீரவில்லை என்றால் சோதனை. செய்தித்தாளைச் சுவரில் சமமாக ஒட்டி, 600 மி.மீ. லென்ஸுக்கு 15 மீட்டர் தள்ளி, கேமராவை உறுதியான டிரைபாடில் வையுங்கள். ஸ்டெபிலைசேஷன் அணைத்து, 2 நொடி டைமர் போட்டு, முழுத் திறப்பில் (மிகச் சிறிய எஃப் எண்ணில்) எடுங்கள். முதலில் லைவ் வியூவில் (பின்திரையில் நேரடியாகப் பார்க்கும் முறை) 10 மடங்கு பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்து ஒரு படம். பிறகு ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு, ஆட்டோஃபோகஸில் எட்டுப் பத்துப் படங்கள். டிஎஸ்எல்ஆர் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள கேமரா) என்றால் இவற்றை வியூஃபைண்டர் வழியாக எடுக்க வேண்டும்.

லைவ் வியூ படம் தெளிவு, வியூஃபைண்டர் படங்கள் எல்லாம் ஒரே அளவில் மங்கல் என்றால், டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் முன்பின் தள்ளியிருக்கிறது. மெனுவில் உள்ள ஃபோகஸ் நுண்திருத்தத்தை 5 அலகு வீதம் மாற்றிப் பாருங்கள். கேனான், நிக்கான் இரண்டிலும் -20 முதல் +20 வரை உண்டு, ஆனால் விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் இருக்காது. சென்சாரிலேயே ஃபோகஸ் செய்யும் மிரர்லெஸ்ஸில் இந்தப் பிரச்சினை பொதுவாக வராது. கையால் ஃபோகஸ் செய்த படமும் மங்கலாக இருந்து, அதிலும் ஒரு பக்கம் மட்டும் மோசமாக இருந்தால், முதலில் கேமரா சுவருக்கு நேராகத்தான் இருந்ததா என்று பார்த்து மறுபடி எடுங்கள். அப்போதும் அப்படியே என்றால் லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடி வில்லை நகர்ந்திருக்கலாம். சர்வீஸ் மையத்துக்கு அந்தச் சோதனைப் படங்களையும் சேர்த்துக் கொடுங்கள்.